பாவம், நிப்பு என்ன செய்யும்?

மைப் பேனா மக்கர் செய்தால் நம் ஊரில் ஒரே வைத்தியம்தான். பாதி பிளேடை எடுத்து நிப்பின் பிளவுக்குள் விட்டு ஒரு இழு. அதற்கும் மசியவில்லை என்றால் சிமெண்டுத் தரையில் நாலு தேய். பள்ளிக்கூடத்துப் பேனாக்கள் இதையெல்லாம் தாங்கிக்கொண்டன என்று சொல்வார்கள். உண்மையில் தாங்கவில்லை, நாலு நாளில் கடைக்குப் போய் வேறு நிப்பு மாட்டிக்கொண்டு வந்தோம், அவ்வளவுதான். நிப்பு விலை அப்படி, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை.

அதே வைத்தியத்தை ஃப்ளெக்ஸ் நிப்புக்கும் செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பிளேடுக்குப் பதில் மெல்லிய பித்தளைத் தகடு, தரைக்குப் பதில் மைக்ரோ மெஷ் என்கிற வழவழப்பான தேய்ப்புத் தாள். பேர்தான் வேறு, காரியம் ஒன்று. பேனா விட்டு விட்டு எழுதுகிறதா, எடு தாளை, தேய் நிப்பை. என் கட்சி இதற்கு நேர் எதிர். ஃப்ளெக்ஸ் நிப்பு விட்டு விட்டு எழுதினால், சந்தேகப்பட வேண்டிய கடைசி ஆள் நிப்பு. அதற்கு முன்னால் மை, அழுக்கு, காகிதம், அடிக்கட்டை, காற்று, நம் கை என்று ஒரு பட்டாளமே வரிசையில் நிற்கிறது.

(ஃப்ளெக்ஸ் என்றதும் தெருமுனையில் கட்டும் பேனர் ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. இது வேறு.)

தெரியாதவர்களுக்காக: லேசாகத் தொட்டு எழுதினால் மயிரிழை மாதிரி கோடு விழும், அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தை எடுத்தவுடன் கால்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஃப்ளெக்ஸ் நிப்பு. விரிவது பெரிய விஷயமில்லை, எந்தத் தகட்டையும் அழுத்தினால் வளையும். 'டக்' என்று பழைய இடத்துக்குத் திரும்பி வருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இங்கிலாந்தின் காப்பர்பிளேட் கையெழுத்து, அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய ஸ்பென்சீரியன் கையெழுத்து இரண்டும் இந்தத் தடிமன்–மெல்லிசு விளையாட்டை நம்பித்தான் இருந்தன. முதலில் பர்மிங்காமில் செய்த இரும்பு நிப்புகள், மையில் தொட்டுத் தொட்டு எழுதுபவை. பிறகு பேனாவுக்குள்ளேயே மை வந்தபோது, 14 காரட் தங்க நிப்புகள் அந்தக் குணத்தைத் தொடர்ந்தன. 1920-களின் வாட்டர்மேன் 52 பேனாவைப் பற்றிப் பேனாப் பைத்தியங்கள் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

அப்புறம் அலுவலகங்களில் கார்பன் தாள் வைத்து நகல் எடுக்க வேண்டி வந்தது. கார்பனுக்கு அழுத்தமான, வளையாத நிப்பு வேண்டும். 1945 அக்டோபரில் நியூயார்க் கடையில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்து கூட்டம் அலைமோதியது. ஃப்ளெக்ஸின் கதை அதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது, இது கடைசி அடி. ஆகவே நூறு வருஷத்துக்கு முன் செய்த நல்ல ஃப்ளெக்ஸ் நிப்புகள் இன்று எத்தனை மிச்சம் இருக்கின்றனவோ, அவ்வளவுதான். ஒருவர் தேய்த்துக் கெடுத்தால் அதில் ஒன்று குறையும். என் ஆத்திரத்துக்குக் காரணம் இதுதான்.

சரி, ஏன் விட்டு விட்டு எழுதுகிறது?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நுண்புழை என்று ஒரு பாடம் படித்திருப்போம். குழாய் எவ்வளவு குறுகலோ, அவ்வளவு உயரத்துக்குத் திரவம் தானாக ஏறும். பரீட்சையில் வரையறை எழுதியதோடு மறந்துவிட்டோம். பேனா முழுக்க ஓடுவது அந்தப் பாடம்தான். நிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் பிளவு ஒரு நுண்புழை. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் கட்டை இருக்கிறதே, ஃபீட் என்பார்கள், அதில் ஓடும் மெல்லிய வாய்க்கால்களும் நுண்புழைகள். 1884-இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது இந்தக் கட்டைக்குத்தான். ஒரு வாய்க்காலின் அடியில் நூல் போன்ற கீறல்கள். மை கீறலில் கீழே இறங்கும், காற்று மேலே ஏறும். மை ஒரு சொட்டு போனால் அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது நிப்பை அழுத்துங்கள். இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, கால்கள் விரிவதால் பிளவு அகலமாகிறது. அகலமானால் நுண்புழையின் பிடி தளரும். ஒரு எல்லையைத் தாண்டினால் இரண்டு கால்களுக்கு நடுவே பாலம் போட்டிருந்த மை அறுந்துவிடும். காகிதத்தில் நடுவில் வெள்ளையும் இரண்டு ஓரத்தில் கோடும் விழும். பார்க்கத் தண்டவாளம் மாதிரியே இருக்கும், ஆங்கிலத்திலும் தண்டவாளம் போடுகிறது என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு, அழுத்தும்போது நிப்பு மேல்நோக்கி வளைகிறது, கட்டை வளைவதில்லை. நடுவே இடைவெளி விழுகிறது. மை வந்துகொண்டிருந்த வழியே அறுந்து போகிறது.

இதற்கு மேல் தேவைக் கணக்கு வேறு. சாதாரணமாக 0.4 மில்லிமீட்டர் கோடு போடும் நிப்பு, அழுத்தினால் 1.6 மில்லிமீட்டர் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் கை நகர்ந்தால் ஒவ்வொரு நொடியும் குறைந்தது நாலு மடங்கு மை தேவை. தேவை நாலு மடங்காகிற அதே கணத்தில்தான் மேலே சொன்ன இரண்டு காரணங்களால் வரத்து குறைகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு நூறு பேர் உட்கார்ந்த நிமிஷத்தில் சாம்பார் வாளிக்காரர் காணாமல் போன மாதிரி. இதில் இலையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

மையில் தொட்டு எழுதும் நிப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்குக் கட்டையே கிடையாது. தனக்கு வேண்டிய மையைத் தன் முதுகிலும் வயிற்றிலும் சுமந்துகொண்டு வருகிறது, தீர்ந்தால் மறுபடி முங்குகிறது. அதனால்தான் அவற்றால் அவ்வளவு விரிய முடிகிறது. இணையத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் கையெழுத்துக் காணொளிகளில் பல, தொட்டு எழுதும் நிப்பில் ஆமை வேகத்தில் எழுதியவை. அதைப் பார்த்துவிட்டு, வகுப்பில் குறிப்பெடுக்கும் வேகத்தில் நம் பேனாவும் அப்படி எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேனாவின் மேல் செய்யும் அநியாயம்.

ஆகவே முதல் வேலை, கருவிகளை எடுப்பதற்கு முன், பேனா எப்போது விடுகிறது என்று கவனிப்பது. இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. காய்ச்சல் என்று போனால் எப்போதிருந்து, குளிர் உண்டா என்று டாக்டர் கேட்கிறார் இல்லையா, அது மாதிரி. அழுத்தாமல் எழுதினால் ஒழுங்காக எழுதி, அழுத்தினால் மட்டும் தண்டவாளம் போட்டால், முனையில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, வரத்தில்தான் குறை. அழுத்தாமலே விட்டு விட்டு எழுதினால் அழுக்கு, கால்கள் ஏற்ற இறக்கமாக இருப்பது, முனைக் கோளாறு என்று தேடலாம். தாளின் மேல்பாதியில் நன்றாக எழுதிக் கீழ்ப்பாதியில் விட்டால் குற்றவாளி உங்கள் உள்ளங்கை. எழுதும்போது கையின் வியர்வையும் எண்ணெயும் கீழ்ப்பாதியில் ஏறிவிடுகின்றன, எண்ணெய்ப் பட்ட காகிதம் மையைப் பிடிக்காது. (தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிக்கொண்டே எழுதும் நண்பர்கள் கவனிக்க.) கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தால் தீர்ந்தது. இதற்காக ஒரு நிப்பைத் தேய்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வழக்கைப் பாதியாகக் குறைத்துவிடும். கன்வெர்ட்டரைக் கொஞ்சம் திருகிக் கட்டை முழுக்க மையில் நனையும்படி செய்யுங்கள். உடனே அழுத்தி எழுதிப் பாருங்கள். இரண்டு வரி அருமையாக எழுதிவிட்டு மூன்றாவது வரியில் தண்டவாளம் வந்தால், கட்டையில் இருந்த கையிருப்பு தீர்ந்துவிட்டது, பின்னாலிருந்து புதிய மை வரவில்லை என்று அர்த்தம். அடைப்பு, காற்றுப் போக்குவரத்து, கன்வெர்ட்டர் இந்த மூன்றில் ஒன்று. கட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தும் முதல் எழுத்திலேயே தண்டவாளம் வந்தால், அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள், அல்லது நிப்புக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி, அல்லது காகிதம் வழுவழு. இரண்டும் வேறு வேறு நோய். வைத்தியமும் வேறு.

பின்னால் சொன்ன மூன்றில் கன்வெர்ட்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்தச் சின்னக் குழாயில் மை சில நேரம் பின்பக்கமே ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கும். பரப்பு இழுவிசையின் சேட்டை. முன்னால் காற்றுதான் இருக்கிறது, பேனாவோ மை நிறைய இருப்பதாகக் காட்டுகிறது! ஒரு தட்டு தட்டினால் இறங்கும். சில கன்வெர்ட்டர்களுக்குள் ஒரு சின்னக் குண்டு உருளுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பழைய பேனாக்கள், கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் மை ஊற்றும் ரகம், கெட்டிக்காரப் பேனாக்கள். அகலமான வயிறு, மை தாராளமாக இறங்கும். மை கால்வாசிக்குக் கீழே போனால் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து கக்கும் என்ற ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை.

அழுக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. புதுப் பேனாவில் பட்டறை எண்ணெய் இருக்கும், பழைய பேனாவில் காய்ந்த மை இருக்கும். ஒரு தம்ளர் சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, வெறும் தண்ணீரில் நாலைந்து தடவை கழுவினால் போதும். வரைபடத்துக்கு உபயோகிக்கும் இந்தியன் இங்க்கை மட்டும் மைப் பேனாவில் ஊற்றாதீர்கள், அது உள்ளே காய்ந்தால் கல்.

மையில் ஒரு குறுக்கு வழி உண்டு, அதைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடும் உண்டு. பல்குத்தும் குச்சியின் நுனியை சோப்புத் திரவத்தில் தொட்டு மையில் கலக்கினால், பரப்பு இழுவிசை குறைந்து மை சரளமாக ஓடும். வேலை செய்யும்தான். ஆனால் சரளமாக ஓடுகிற மை காகிதத்திலும் சரளமாகப் பரவும். மயிரிழைக் கோடு கம்பளிப்பூச்சியாகிவிடும். மெல்லிசு கெட்ட பிறகு தடிமனுக்கு என்ன மரியாதை? மையைக் கெடுப்பதை விட மையை மாற்றிப் பார்ப்பது நல்லது. பெலிகன் 4001 வறண்ட மை என்று பெயர் எடுத்தது, இரும்பு உப்பு சேர்ந்த மைகளும் பொதுவாக அப்படித்தான். அதை எடுத்துவிட்டு ஈரமான மை ஒன்றை ஊற்றினாலே பாதிப் பேனாக்களுக்குக் குணமாகிவிடும்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். அடிக்கட்டை.

வெளிச்சத்துக்கு எதிரே பேனாவைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிப்புக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால், நீங்கள் அழுத்தாதபோதே அங்கே இடைவெளி இருக்கிறது, அழுத்தினால் கேட்கவே வேண்டாம். கட்டை எபோனைட்டாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எபோனைட் என்பது கந்தகம் அதிகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். கொதிக்கிற சூட்டுத் தண்ணீரில் அரை நிமிஷம் வைத்தால் இளகும். நிப்போடு சேர்த்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்கினால் அந்த வளைவிலேயே இறுகிவிடும். விரலைச் சுட்டுக்கொள்ளாமல் துணி வைத்துப் பிடிக்க வேண்டும். நிப்பையும் கட்டையையும் கழற்றி அவற்றை மட்டும் முக்க வேண்டும். பேனா உடம்பும் எபோனைட்டாக இருந்து அதையும் சேர்த்து வெந்நீரில் போட்டால், கறுப்பு போய்ப் பழுப்பாகிவிடும், பிறகு அழுது பயனில்லை. ஒருமுறை செய்து போதவில்லை என்றால் இன்னொரு முறை செய்யலாம். தவறாக வளைந்துவிட்டால் மறுபடி சூடாக்கி நிமிர்த்தலாம். தேய்ப்புத் தாளில் இந்த வசதி உண்டா?

பிளாஸ்டிக் கட்டை இப்படி வளைந்து கொடுக்காது. அது மையோடு எபோனைட் அளவுக்கு ஒட்டி உறவாடுவதும் இல்லை, அச்சில் வார்த்த வழவழப்பு. அதனால்தான் ஃப்ளெக்ஸ் பைத்தியங்கள் எபோனைட் என்றால் உயிரை விடுகிறார்கள். பைலட் கஸ்டம் 912-இல் வரும் எஃப்.ஏ. நிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டையில் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த, அழகான 14 காரட் நிப்பு. அது அழுத்தி எழுதும்போது தண்டவாளம் போடுகிறது என்று வைத்திருப்பவர்கள் பலர் சொல்வதுண்டு. அவர்களில் விவரமானவர்கள் நிப்பைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் கட்டையை உருவிவிட்டு எபோனைட்டில் கடைந்த கட்டையைச் செருகினார்கள். அதே நிப்பு, அதே மை, எழுத்து மாறிவிட்டது. மறுபக்கம், நூட்லர்ஸ் அஹாப் என்ற மலிவுப் பேனாவில் சாதாரண எஃகு நிப்புதான், ஆனால் கட்டை எபோனைட். திருகு எதுவும் கிடையாது, நிப்பையும் கட்டையையும் வெறுமனே செருகியிருப்பார்கள். கட்டையைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் மை முனைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பின்னே இழுத்தால் வறளும். வாங்குகிறவனே அப்படி இப்படி நகர்த்திப் பார்க்கட்டும் என்று செய்த பேனா. தங்க நிப்பு எஃகு நிப்பு என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இரண்டு பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டும்.

எபோனைட் நமக்கு ஒன்றும் அந்நியப் பொருள் இல்லை. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட் தடியைக் கடைசல் பிடித்துப் பேனா செய்கிறார்கள். உலகத்தில் பல பேர் தேடி வாங்குகிற சங்கதி. நம் பசங்களோ நிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் :-)

கட்டையின் வாய்க்கால் போதவில்லை என்றால் கூரான கத்தியால் அதை ஒரு மயிரிழை ஆழமாக்குவதும் உண்டு. இதையும் நான் முதல் வைத்தியமாகச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கூடிப்போனால் பேனா ஒழுகும், சட்டைப்பை நாசமாகும். ஆனால் எதையாவது வெட்டித்தான் தீருவேன் என்று கை அரிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டையை வெட்டுங்கள். கட்டை கெட்டால் வேறு கட்டை வாங்கலாம். 1920-களின் நிப்பு கெட்டால் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

பேனாவில் எல்லாம் சரியாக இருந்தும் தண்டவாளம் வருகிறதென்றால், மன்னிக்கவும், கையைப் பார்க்க வேண்டும். பால்பாயிண்ட் நம் கையை நன்றாகக் கெடுத்து வைத்திருக்கிறது. நட்டுக்குத்தாகப் பிடித்து அழுத்தி எழுதியே பழகிவிட்டோம். ஃப்ளெக்ஸ் நிப்பைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், மேலிருந்து கீழே இழுக்கும் கோட்டில் மட்டும் அழுத்த வேண்டும், மற்ற எல்லாத் திசையிலும் கை பஞ்சாக இருக்க வேண்டும். முக்கியமாக, மெதுவாக. தண்டவாளம் வருகிற அதே எழுத்தை அதே அழுத்தத்தில் பாதி வேகத்தில் எழுதிப் பாருங்கள். பல நேரம் தண்டவாளம் மறைந்துவிடும். வரத்து அதேதான், தேவையைக் குறைத்தீர்கள்.

நம் எழுத்துக்கு வரும்போது ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. இதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. காப்பர்பிளேட், ஸ்பென்சீரியன் இரண்டும் சாய்ந்த ரோமன் எழுத்துகள். கீழே வா, அழுத்து. மேலே போ, விடு. இந்த ஒரே தாளத்தில் மொத்த எழுத்தும் ஓடும். நிப்பின் கால்கள் விரிவதும் அந்தத் திசைக்காகத்தான். தமிழுக்கு அந்தத் தாளம் கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோட்டுக்குத் தடிமன், மெல்லிசு என்ற பேதம் இல்லை. சுழி சுழியாக எல்லாத் திசையிலும் ஓடுகிற எழுத்து நம்முடையது. மூன்று சுழி 'ண' எழுதும்போது பேனா எத்தனை தடவை திசை திரும்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐகாரக் கொம்பு இன்னும் மோசம், இரட்டைச் சுழி. சுழியின் நடுவே அழுத்தத்தை விடாமல் கையைத் திருப்பினால், விரிந்த கால்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். ஒரு கால் காகிதத்தில் இருக்கும், இன்னொன்று தூக்கிக்கொள்ளும். கோடு விடும். மேல்நோக்கிப் போகும்போதும் அழுத்தினால் முனை காகிதத்தைக் குத்திக் கிழித்து மையைத் தெளிக்கும்.

அதற்காகத் தமிழ் எழுத ஃப்ளெக்ஸ் ஆகாது என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். எங்கே அழுத்துவது என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 'ப'வில் இடது பக்க இறக்கம் தடிமன், அடிக்கோடும் வலது ஏற்றமும் மெல்லிசு. 'ட'வில் இறங்குவது தடிமன், வலப்பக்கம் போவது மெல்லிசு. சுழிகளில் அறவே அழுத்தக் கூடாது. 'ண', 'ணை' எல்லாம் மெல்லிசாகவே போகட்டும், கடைசியில் நேராக இறங்கும் கால் ஒன்று இருக்கிறதே, அதில் அழுத்திக்கொள்ளலாம். இப்படி எழுதினால் பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கிறது, பேனாவும் மூச்சு விட்டுக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதும் பேனா தமிழில் மட்டும் விட்டு விட்டு எழுதினால், அது நிப்பின் கோளாறு இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நிப்பிலேயே கோளாறு இருக்க முடியாதா? இருக்க முடியும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி முனையைப் பாருங்கள். இரண்டு கால்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருந்தால் நகத்தால் மெதுவாக, பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிச் சரிசெய்யலாம். காற்றுத் துளையிலிருந்து விரிசல் ஓடியிருந்தால் அது பற்றவைக்கத் தெரிந்தவர் வேலை. அளவுக்கு மீறி அழுத்திக் கால்கள் திரும்பி ஒட்டாமல் பிளந்தே நின்றால், உலோகம் மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. தேய்த்து அதை மீட்க முடியாது. முனைக் குண்டின் உள்விளிம்புகளை அதிகமாக மெருகேற்றி வட்டமாக்கிவிட்டால் பிளவின் வாய் காகிதத்தைத் தொடாது, மை உள்ளேயே நிற்கும், எழுத்தின் முதல் கோடு விழாது. இந்தக் கடைசிக் கோளாறு ஒன்றுக்குத்தான் தேய்ப்புத் தாள் நியாயமான மருந்து. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோளாறே பல நேரம் யாரோ முன்பு அதிகமாகத் தேய்த்து மெருகேற்றியதால் வந்தது.

"என் பேனா, என் காசு, தேய்த்துத்தான் கற்றுக்கொள்வேன்" என்று ஒரு கட்சி இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கையை வைக்காமல் எந்தத் தொழிலும் வராது. ஜின்ஹாவ் மாதிரி மலிவுப் பேனாவில் தொட்டு எழுதும் ஜீப்ரா ஜி நிப்பைச் செருகி எழுதிப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அந்த நிப்பு மைப் பேனாவுக்குள் கிடந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும், பரவாயில்லை, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். எஃகு நிப்பின் தோள்களை அரத்தால் அராவி வளையவைக்கிறார்கள், அதுவும் சரி. பத்து எஃகு நிப்பை இப்படித் தேய்த்துக் கெடுத்துவிட்டு, பதினோராவது நிப்பில் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் லென்ஸில் என்ன மாறியது என்று சொல்லத் தெரிந்தவர் தங்க நிப்புக்கு வரட்டும். அதுவரை அந்தப் பழைய வாட்டர்மேனுக்கு வெந்நீரும், ஈரமான மையும், கைக்கடியில் ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்துப் பாருங்கள்.